தங்கப் பதக்கம் வென்ற பிள்ளைகள் எங்கே போனார்கள்?



நம் நாளிதழ்களில் ஆண்டுதோறும் தவறாமல் ஒரு படம் வெளிவருகிறது. கழுத்தில் தங்கப் பதக்கம், கையில் சான்றிதழ், தோளில் நாட்டுக் கொடி. நான்கைந்து தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புன்னகையோடு நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், இடம் இருந்தால் சட்டமன்ற உறுப்பினர். "அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தமிழ்ப்பள்ளி சாதனை!" என்று தலைப்பு. நாம் அதை நறுக்கிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம், புலனக் குழுக்களில் பகிர்கிறோம், பூரித்துப் போகிறோம்.

அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் பழிக்கவில்லை. பதினோரு வயதில் ஒரு சிக்கலைக் கண்டு, அதற்கு ஒரு தீர்வை எண்ணி, அதை முன்பின் அறியாத நடுவரிடம் ஆங்கிலத்தில் விளக்கும் துணிவு எளிதில் வருவதன்று. ஆனால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே இடத்தில் அதே பதக்கத்தோடு நின்ற பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டதுண்டா? அவர்களில் எத்தனை பேர் ஓர் ஆய்வகத்தில் வெள்ளை அங்கியோடு நிற்கிறார்கள்? எத்தனை பேர் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்தார்கள்? அவர்களுள் எத்தனை பேர் முடித்தார்கள்? பதக்கப் பட்டியல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. இந்தப் பட்டியல் எந்தப் பள்ளியிலும் இல்லை.

போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். இவற்றுள் பலவற்றில் ஒருவரை ஒருவர் வென்று முதலிடம் பெறுவது என்பதே கிடையாது. குறிப்பிட்ட மதிப்பெண் வரம்பை எட்டிய அனைவருக்கும் தங்கம். அதற்குக் கீழே வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். பங்கேற்கக் கட்டணம், பயணச் செலவு, தங்குமிடம், அட்டைப் பதாகை என்று பெற்றோரும் வாரியமும் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார்கள். செலவிடட்டும். ஆனால், அந்தப் பிள்ளை பதினேழு வயதில் எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு "நான் ஆய்வாளராக வேண்டும்" என்று சொல்லும்போது, அதே சமுதாயம் என்ன விடை சொல்கிறது? "மருத்துவம் கிடைக்கவில்லையா? ஐயோ பாவம்!"

இதுதான் நம் நோய். நம்மவர்க்கு அறிவியல் என்றால் மருத்துவம். மருத்துவம் இல்லையென்றால் பொறியியல். அதுவும் இல்லையென்றால் அறிவியலே இல்லை.

கெடா மாநிலம் பீடோங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் சமுதாயத்தின் பெருமை என்று மேடைதோறும் பேசுகிறோம். 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அக்கழகத்தின் பெயரை விரித்தால் மருத்துவம், அறிவியல், தொழில்நுட்பம் என்று மூன்று சொற்கள் வரும். நம் காதில் விழுவது முதற்சொல் மட்டுமே. பினாங்கில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்! யு.எஸ்.எம். என்று சுருக்கிச் சொல்லிச் சொல்லி, அந்தப் பெயரின் நடுவே அறிவியல் என்றொரு சொல் இருப்பதையே மறந்துவிட்டோம். அதன் மருத்துவ, பல் மருத்துவ உயராய்வுக் கழகம் பெர்த்தாமில், எங்கள் தாசேக் கெலுகோரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத்தில் போய்ச்சேரும் தொலைவில் இருக்கிறது. அங்கே முதுநிலை ஆய்வும் முனைவர் பட்ட ஆய்வும் நடைபெறுகின்றன. எங்கள் வட்டாரப் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள், "அது மருத்துவமனைதானே?" என்பார்கள்.

மருத்துவம் படித்தால் வாழ்க்கை உறுதி என்ற நம்பிக்கையாவது இன்று செல்லுபடியாகுமா? 2016ஆம் ஆண்டின் இறுதியில் அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறைப் பணியமர்த்தம் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள், கோவிட் பெருந்தொற்றின் உச்சத்தில், ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் கறுப்பு உடையோடு மருத்துவமனைகளுக்கு வெளியே வந்து நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். வீட்டை அடகு வைத்து வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பிய பெற்றோர் இதை நன்கறிவார்கள். மருத்துவத் தொழில் உயர்ந்தது, ஐயமில்லை. ஆனால், அது ஒன்றுதான் பாதுகாப்பான பாதை என்று இன்னமும் பிள்ளைகளை ஒரே வாயிலில் நெருக்கித் தள்ளுவது அறியாமை.

மருத்துவத்தை விட்டு விலகி வந்தவர்கள் கெட்டுப் போனார்களா? சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பாருங்கள். பரோடாவில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தும், தேசிய அறிவியல் திறன் உதவித்தொகை கைக்கு வந்ததும் இயற்பியலுக்கு மாறிக்கொண்டவர் அவர். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் 1976ஆம் ஆண்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகு அவர் செய்ததைக் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். உயிரியல்தான் தன் துறை என்று உணர்ந்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, இரண்டு ஆண்டுகள் அடிப்படையிலிருந்து பாடம் படித்தார்! பிறகு ஏல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி. அதன் முடிவில் ஆசிரியப் பணிக்கு ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றிலும் இடம் கிடைக்கவில்லை. தேசிய ஆய்வகங்களில் வேலை பார்த்துக்கொண்டே ரைபோசோமை விடாமல் துரத்தினார். 2009ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டபோது அவர்களுள் ஒருவராக நின்றார். நோபல் பரிசு கிடைத்த நாளில் "தமிழன்!" என்று நாம் ஆரவாரம் செய்தோம். அந்த 50 மறுப்பு மடல்கள் வந்த ஆண்டுகளில் அவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

கும்பகோணத்தில் 1925ஆம் ஆண்டு பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் அறுவை மருத்துவர் ஒருவரின் மகன். மருத்துவராவார் என்றுதான் குடும்பம் எதிர்பார்த்தது. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் அவரை வேளாண்மைக்குத் திருப்பியது. இந்தியக் காவல் பணித் தேர்விலும் வெற்றி பெற்றவர். காக்கிச் சட்டையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நெதர்லாந்தில் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராயப் போனார். 1952ஆம் ஆண்டு கேம்பிரிட்சில் முனைவர் பட்டம். இந்தியாவின் பசுமைப் புரட்சியில் அவர் பங்கை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அது நம் பிள்ளைகளின் பொது அறிவு வினாடி வினாவிலேயே வருகிறது. காவல் அதிகாரி வேலையை விட்டு உருளைக்கிழங்கு ஆராயப் போகிறேன் என்று இன்று நம் தாமான் வீடு ஒன்றில் ஓர் இளைஞன் சொன்னால் அன்றிரவு அவ்வீட்டில் உலை கொதிக்குமா?

"இவர்கள் எல்லாம் அறிவாளிகள் ஐயா, ஆயிரத்தில் ஒருவர், நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆய்வும் மண்ணாங்கட்டியும் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களே கேட்கிறார்கள். அவர்களுக்குச் செம்பனையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் உழைத்த தோட்டங்களில் முதலில் ரப்பர், பிறகு செம்பனை. மலேசியச் செம்பனையில் காய்ப்பு சரியாக அமையாத காலத்தில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய் மகரந்தத் தூளைக் கையால் தூவினார்கள். அது ஒரு தனி வேலையாகவே இருந்தது. பூச்சியியல் ஆய்வாளர் ரகுமான் சையது என்பவர் கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களில் வாழும் ஒரு சிறு கூன்வண்டே அங்கு மகரந்தச் சேர்க்கையைச் செய்கிறது என்று கண்டறிந்தார். 1981ஆம் ஆண்டு அந்த வண்டு மலேசியாவில் விடப்பட்டது. கையால் தூவும் வேலை அத்தோடு முடிந்தது. ஓர் ஆய்வு முடிவு ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்களின் அன்றாட வேலையை மாற்றிவிட்டது. அந்த வேலையைச் செய்த நமக்கு இன்றுவரை அந்த வண்டின் பெயர்கூடத் தெரியாது.

2013ஆம் ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழில் செம்பனையின் மரபணுத் தொகுதியும், அதன் கொட்டையோட்டின் தடிப்பைத் தீர்மானிக்கும் 'செல்' என்னும் மரபணுவும் வெளியிடப்பட்டன. தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்தால்தான் எண்ணெய் மிகுந்த தெனெரா கிடைக்கும். நட்ட கன்று எந்த வகை என்பதைக் காய் காய்த்த பிறகே அறிய முடியும் என்ற நிலை இருந்தது. அதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மரபணு தெரிந்த பிறகு நாற்றங்காலிலேயே கண்டுபிடித்துவிடலாம். மலேசியச் செம்பனை வாரியத்தில் அந்த ஆய்வை வழிநடத்தியவர்களுள் முதன்மையானவர் முனைவர் ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி என்னும் அம்மையார். ஆம், தமிழ்ப் பெயர்தான்! தலைமுறை தலைமுறையாகச் செம்பனைக் குலை வெட்டிய சமுதாயத்தின் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? திரைப்பட நடிகையின் பிறந்தநாள் தெரிகிறது. நான் சினிமாவுக்கு எதிரியல்லன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, முனைவர் பட்ட ஆய்வு என்பதுதான் என்ன? நான் முனைவர் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற தொடக்கப்பள்ளி ஆசிரியன். என் பழைய மாணவர் சிலர் அந்த வழியில் போனதால், அவர்களுக்காகத் தேடிப் படித்து அறிந்ததையே எழுதுகிறேன். இந்தத் தேடலை நம் தலைவர்களோ அமைப்புகளோ செய்து, தமிழில் ஒரு கையேடு போட்டிருந்தால் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியன் இதைச் செய்ய வேண்டியிருக்காது.

முதலில் உடைக்க வேண்டிய மூடநம்பிக்கை, அது இன்னும் மூன்று நான்கு ஆண்டுப் 'படிப்பு' என்பது. அறிவியல் முனைவர் பட்டம் ஒரு தொழிற்பயிற்சி. கொல்லன் பட்டறையில் இளைஞன் துருத்தி ஊதிப் பழகுவதைப் போல, ஓர் ஆய்வாளரின் கீழ் ஆய்வு செய்யப் பழகுவது. ஆகவே நம்மவர் கேட்கும் முதல் கேள்வியான "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதே பிழையான கேள்வி. "யாரிடம்?" என்பதுதான் கேள்வி. மேற்பார்வையாளர் யார், அவருடைய ஆய்வகத்தில் என்ன நடக்கிறது, அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துத்தான் சேர வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போது மூன்று தலைமுறையை விசாரிக்கும் நாம், நான்கு ஐந்து ஆண்டுகள் ஒருவர் கையில் வாழ்க்கையை ஒப்படைப்பதற்கு முன் ஒன்றும் விசாரிப்பதில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்தப் பேராசிரியருக்கு ஒரு மடல் எழுத வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகளில் பலர் இடறி விழுகிறார்கள். "மதிப்பிற்குரிய ஐயா, தங்களிடம் ஆய்வு செய்ய ஆர்வமாக உள்ளேன், ஓர் இடம் தந்து உதவவும்" என்று ஒரே மடலை முப்பது பேருக்கு அனுப்புகிறார்கள். முப்பது பேரும் அழித்துவிடுகிறார்கள். எழுத வேண்டிய மடல் வேறு. தங்களின் இன்ன ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். அதில் இன்ன முடிவு எனக்கு இன்ன கேள்வியை எழுப்பியது. என் இளநிலைப் பட்ட ஆய்வில் இன்ன கருவியைக் கையாண்டிருக்கிறேன். பத்து வரிதான். ஆனால் அந்தப் பத்து வரியை எழுத மூன்று நாள் படிக்க வேண்டும்.

பிறகு பரிந்துரை மடல்கள். இரண்டு அல்லது மூன்று விரிவுரையாளர்கள் "இவரை நான் அறிவேன்" என்று எழுதித் தர வேண்டும். நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் மூன்று நான்கு ஆண்டுகள் கடைசி வரிசையில் அமர்ந்து, ஒரு விரிவுரையாளரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் வெளிவருகிறார்கள். மதிப்பெண் இருக்கும், அவர்களைத் தெரிந்தவர் இருக்க மாட்டார். இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது? வாயில் விரலை வைத்துக் கைகட்டி உட்கார வைக்கும் முதலாம் ஆண்டு வகுப்பறையில்! பதக்கப் போட்டிக்கு விளக்கவுரையை மனப்பாடம் செய்யச் சொல்லித் தருகிறோம். நடுவரைத் திருப்பிக் கேள்வி கேட்கச் சொல்லித் தருகிறோமா?

தகுதியைப் பற்றியும் தவறான செய்திகள் உலவுகின்றன. முதுநிலைப் பட்டம் முடித்தால்தான் முனைவர் ஆய்வில் சேரலாம் என்பது பொது விதி; ஆனால் அதுவே முற்றான விதியன்று. மலேசியாவில் இளநிலைப் பட்டத்தில் 3.67க்குக் குறையாத சராசரிப் புள்ளி பெற்றவர்களை, பல்கலைக்கழகத்தின் கடுமையான மதிப்பீட்டுக்குப் பின் நேரடியாகச் சேர்த்துக்கொள்ள எம்.கியூ.ஏ. எனப்படும் தகுதி நிர்ணய முகவத்தின் தர விதிகள் இடம் தருகின்றன. முதுநிலை ஆய்வில் சேர்ந்து, தகுதியை மெய்ப்பித்து, முனைவர் ஆய்வுக்கு மாறிக்கொள்ளும் வழியும் உண்டு. அமெரிக்காவில் அறிவியல் துறைகள் பலவற்றில் இளநிலைப் பட்டத்தோடு நேரே விண்ணப்பிப்பதுதான் வழக்கமே.

அடுத்தது பணம். "முனைவர் படிப்புக்கு எங்கே போவது பணத்துக்கு?" என்று கேட்கும் பெற்றோர்களே, கவனமாகப் படியுங்கள். அமெரிக்காவில் அறிவியல் முனைவர் ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கட்டுவதில்லை. பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்றுக்கொண்டு, கற்பித்தல் உதவி அல்லது ஆய்வு உதவிப் பணிக்காக மாதந்தோறும் படித்தொகையும் தருகிறது. செருமனியில் ஆய்வு மாணவர் பலர் சம்பளம் வாங்கும் பணியாளராகவே ஒப்பந்தமாகிறார்கள். பக்கத்துச் சிங்கப்பூரில் 'சிங்கா' என்னும் அனைத்துலகப் பட்டமேற்படிப்பு விருது நான்கு ஆண்டுகள் வரை கட்டணத்தையும் படித்தொகையையும் ஏற்கிறது. சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போகத் தெரிந்த நமக்கு, இது ஏன் தெரியவில்லை? மருத்துவத்துக்காக வீட்டை அடகு வைக்கத் துணியும் நாம், வீட்டை அடகு வைக்கத் தேவையில்லாத பாதையைப் பார்த்து அஞ்சுகிறோம்.

உள்நாட்டில் நிலைமை அவ்வளவு இனிப்பாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர் பட்டதாரிகள் என்ற இலக்கோடு வந்த 'மைபிரைன்15' திட்டம் பலருக்குக் கைகொடுத்தது. பிறகு நின்று போனது. தூய அறிவியலுக்கான 'மைபிரைன்எஸ்சி' 2024ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் மீண்டும் உயிர் பெற்றது. அரசுத் திட்டம் வரும், போகும். மேற்பார்வையாளரின் ஆய்வு மானியத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர்வதே பலருக்கு வழி. அந்த மானியம் எத்தனை ஆண்டுகளுக்கு, அது தீர்ந்தால் என்ன என்பதைச் சேர்வதற்கு முன்பே வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி வாய்மூடி இருந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் மாலை நேரத்தில் டியூசன் எடுத்து ஆய்வை ஓட்டுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் அமைப்புகளை நோக்கி என் கேள்வி. கல்வி நிதி என்று விருந்து வைத்துத் திரட்டுகிறீர்கள். நல்லது. இளநிலைப் பட்டத்திற்குக் கடன் தருகிறீர்கள். அதுவும் நல்லது. அதற்கு மேலே போகிறவனுக்கு என்ன தருகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு பொன்னாடை. அதுவும் பட்டம் வாங்கி வந்த பிறகு! மூன்றாம் ஆண்டில் அவன் மானியம் தீர்ந்து நின்றபோது ஓர் ஆறு மாதப் படித்தொகை கொடுத்திருந்தால் அந்தப் பொன்னாடைக்கு அருத்தம் இருந்திருக்கும்.

மூன்றாம் ஆண்டு என்றேன். முனைவர் ஆய்வின் நடுக்காட்டு இருள் அதுதான். முதலாண்டு நூல்களையும் கட்டுரைகளையும் படிப்பதிலும், ஆய்வு முன்மொழிவை ஒரு குழுவின் முன் தற்காத்துப் பேசுவதிலும் போய்விடும். இறுதியாண்டில் ஆய்வேடு எழுதும் பரபரப்பு. அதன்பின் உள்தேர்வாளரும் வெளித்தேர்வாளரும் அமர்ந்து துருவும் வாய்மொழித் தேர்வு. சிறு திருத்தமோ பெருந்திருத்தமோ செய்து ஒப்படைத்தால் முடிந்தது. இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் உண்மையான ஆய்வு. செய்த சோதனை வேலை செய்யாது. மீண்டும் செய்தால் வேறு முடிவு வரும். கருவி பழுதாகும், உதிரிப் பாகம் வர மூன்று மாதம். ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை ஆறு மாதம் கழித்துத் திரும்பி வரும். அரையாண்டுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை எழுத வேண்டும். எழுத ஒன்றும் இருக்காது. இது தோல்வியன்று. ஆய்வின் இயல்பு.

என்னிடம் ஆறாம் ஆண்டில் படித்த மாணவி ஒருத்தி வேதியியலில் இந்த மூன்றாம் ஆண்டைக் கடந்துகொண்டிருந்தபோது என்னைக் காண வந்தாள். சோதனைகளைப் பற்றி அவள் புலம்பவில்லை. "ஐயா, ஆய்வகத்தில் தோற்றுப் போவது பழகிவிட்டது. வீட்டில் விளக்கம் சொல்வதுதான் பழக மாட்டேன் என்கிறது" என்றாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் அத்தையும் சித்தியும் "இன்னுமா படிக்கிறாய்? உன் வயதுப் பிள்ளைகளுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது" என்கிறார்களாம். "என்ன படிக்கிறாய்?" என்று ஒருவரும் கேட்டதில்லையாம். நான் கேட்டேன். நீரில் கலந்திருக்கும் சாயக் கழிவைப் பிரித்தெடுப்பதைப் பற்றி அரைமணி நேரம் தமிழில் விளக்கினாள். அவள் கண்ணில் வந்த ஒளியை எந்தப் பதக்க விழாவிலும் நான் கண்டதில்லை. அவள் பின்னர் முடித்தாள். முடிக்க அவளுக்கு உதவியவர்களுள் உறவினர் எவரும் இல்லை.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு விதம். "உன் கூட்டாளி பேராக்கில் வீடு வாங்கிவிட்டான், நீ இன்னும் உதவித்தொகை வாங்குகிறாய்" என்று அப்பா சொன்ன ஒரு சொல்லுக்காக ஆய்வை இடையில் விட்டவன் ஒருவனை எனக்குத் தெரியும். அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கிடையில் இன்னொரு கொடுமை. உண்மையான முனைவர் பட்டத்திற்கு நான்கு ஐந்து ஆண்டுகள் ஆய்வகத்தில் கண்விழிக்கிறவர்களின் முகத்துக்கு நேரே, கோவில் திருவிழாப் பதாகைகளில் 'டாக்டர்'களும் 'முனைவர்'களும் பெருகிக்கொண்டிருக்கிறார்கள். எங்கோ பெயர் தெரியாத ஒரு நிறுவனம், ஒரு விடுதி மண்டபத்தில் அங்கியும் தொப்பியும் மாட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு 'மதிப்புறு முனைவர்' கொடுக்கிறது. இவர்கள் மாலை மரியாதையோடு அதை வாங்கிவந்து மறுநாளே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்கிறார்கள். நாட்டில் ஏற்பு பெற்ற கல்வித் தகுதிகளின் பதிவேடு எம்.கியூ.ஏ.விடம் இருக்கிறது, இணையத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்துவிட்டு அழைப்பிதழில் பெயர் போடுங்கள் என்று கோவில் நிருவாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். கடையில் வாங்கிய பட்டத்துக்கும் ஆய்வகத்தில் பெற்ற பட்டத்துக்கும் ஒரே மாலை போடுகிற ஊரில், எந்தப் பிள்ளை ஆய்வகத்துக்குப் போவான்?

மொழியைக் காரணம் காட்டுகிறவர்களுக்கும் விடை சொல்லிவிடுகிறேன். "தமிழில் அறிவியல் படித்தால் எப்படி ஆய்வு செய்வது?" என்பது பழைய பாட்டு. 2003இல் தொடங்கிய பி.பி.எஸ்.எம்.ஐ. திட்டத்தில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பித்துப் பார்த்தார்கள். 2012 முதல் படிப்படியாகக் கைவிட்டார்கள். அந்த ஆண்டுகளில் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலத்தில் அறிவியல் படித்த பிள்ளைகள் இப்போது முனைவர் ஆய்வு செய்யும் வயதில் இருக்கிறார்கள். ஆய்வகங்கள் அவர்களால் நிரம்பி வழிகின்றனவா? ஆய்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது உண்மை. அதை இருபது வயதில் பழகிக்கொள்ளலாம். 'ஏன்' என்று கேட்கும் பழக்கத்தை இருபது வயதில் புதிதாகப் பழக முடியாது. அது தாய்மொழியில், ஏழு வயதில் வர வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன், "ஐயா, எறும்புக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டான். அதை எந்த மொழியில் கேட்டான் என்பது எறும்புக்குக் கவலையில்லை.

1970ஆம் ஆண்டிலிருந்தே நம் அரசாங்கம் அறிவியலுக்கு அறுபது, கலைக்கு நாற்பது என்ற விழுக்காட்டைப் பேசிவருகிறது. இன்றுவரை எட்டியதில்லை. நாடே தடுமாறுகிறது, நாம் மட்டும் என்ன செய்வது என்று கைவிரிக்கலாம். அல்லது நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில், பினாங்கில் உள்ள 28 பள்ளிகளில், ஏதேனும் ஒன்றிலிருந்து தொடங்கலாம். ஒவ்வொரு பள்ளியும் தன் பழைய மாணவர்களில் அறிவியல் ஆய்வு செய்கிறவர்கள் யார் என்று தேடி ஒரு பட்டியல் போடட்டும். அவர்களை ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு அழைக்கட்டும். பட்டம் வாங்கியவர்களை மட்டுமல்ல, மூன்றாம் ஆண்டில் திணறிக்கொண்டிருப்பவர்களையும். அவர்கள் பிள்ளைகளிடம் வந்து, வேலை செய்யாத தங்கள் சோதனையைப் பற்றிப் பேசட்டும்.

எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதையே வைத்தேன். அடுத்த புத்தாக்கப் போட்டிக்கென ஒதுக்கியதில் ஒரு பேருந்து வாடகையை மட்டும் எடுத்து, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு நாள் உண்மையான ஆய்வகம் ஒன்றுக்கு அழைத்துப் போகலாம் என்றேன். "அங்கே போனால் சான்றிதழ் கொடுப்பார்களா?" என்று ஒரு தந்தை கேட்டார். கொடுக்க மாட்டார்கள் என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர், "பெற்றோரும் கூட வரலாமா ஐயா?" என்றார். பேருந்தில் 44 இருக்கைகள். இதுவரை 31 பெயர்கள் வந்திருக்கின்றன.